பாட்டுக்கு நடுவில் பாப்பா

அன்றைக்கு அறையில் இருந்தவர்கள்: அஞ்செட்டிப் பக்கத்து அக்கா. குப்பம் என்ற ஊரிலிருந்து வந்த தெலுங்குப் பெண். திருவாரூரிலிருந்து வந்து ஆறு மாதமே ஆன பெண். நான்.

ஞாயிற்றுக்கிழமை, பகல். மாநில எல்லையோரம் ஜூஜுவாடியில் கம்பெனி எடுத்துக் கொடுத்த விடுதி, இரண்டாம் மாடி.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். லேப்டாப் தம்பியுடையது. பள்ளிக்கூடத்தில் அவனுக்குக் கொடுத்தது. அவன் வேறு வாங்கியதும் எனக்கு வந்தது. அதில் பாட்டுச் சேர்த்தேன். கல்யாண வீட்டு ஸ்பீக்கரில் கேட்டது, டவுன் பஸ்ஸில் கேட்டது, கன்னடப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, எல்லாம் தனித்தனி போல்டர். வேறு எதிலும் எனக்கு அந்த ஒழுங்கு கிடையாது. பாடத் தெரியாது. ஆனாலும் அறையில் எனக்குப் பாட்டுக்காரி என்று பேர்.

போன் ரிப்பேர் கடைக்காரர் லேப்டாப்பில் ஒரு புரோகிராம் போட்டுக் கொடுத்திருந்தார். ஒயர் மாட்டினால் போதும். லேப்டாப்பில் இருக்கும் பாட்டெல்லாம் போனுக்குப் போகும். லேப்டாப்பில் இல்லாதது போனிலும் இருக்காது. இரண்டும் ஒன்றுபோல ஆகிவிடும். என் போனுக்கு அது சரி.

மற்றவர்களுக்கு அதுவரை கையால்தான் ஏற்றிக் கொடுத்தேன். கேட்ட பாட்டை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும், நேரம் பிடிக்கும். அன்றைக்குத் துணி ஊறிக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுவிடும். அக்காவின் போனை ஒயரில் மாட்டி, புரோகிராமைத் தட்டிவிட்டேன்.

இங்கிலீஷில் ஒரு கேள்வி வந்தது. முழுதாகப் படிக்க வரவில்லை. அதில் டெலீட் என்று இருந்தது தெரிந்தது. என் போனுக்கு வாராவாரம் அதே கேள்விக்கு ஓகே கொடுத்திருக்கிறேன். இதற்கும் கொடுத்தேன்.

முடிந்ததும் எத்தனை ஏறியது, எத்தனை அழிந்தது என்று இரண்டு எண் காட்டியது. எண் படிக்கத் தெரியும். பழைய பாட்டு போயிருக்கும் என்று நினைத்து மூடிவிட்டேன்.

"ஏத்திட்டியாடி?" என்றாள் அக்கா.

"ஆச்சுக்கா."

"அக்காளுக்கு மட்டும் அஞ்சு நிமிஷம்," என்றாள் குப்பத்துப் பெண். "என் போனை மத்தியானம் வரைக்கும் வெச்சிருந்தியே?"

"உன் போனு உன்ன மாதிரி. சொன்னாலும் நகராது," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அக்காவுக்கு ஒரு பெண் குழந்தை. மூன்று வயது முடியவில்லை. அஞ்செட்டி தாண்டி மலைக்குள் ஊர். ஒரு நாளைக்கு இரண்டே பஸ். டவர் கிடையாது. அக்காவின் வீட்டுக்காரர் மாடு பார்க்கிறவர். பாப்பா பேசுவதைப் பட்டன் போனில் பிடித்து வைப்பார். அதில் இடம் கொஞ்சம், நாலைந்துக்கு மேல் கொள்ளாது. மாதம் ஒரு தடவை அக்கா போவாள். புளூடூத்தில் தன் போனுக்கு மாற்றிக்கொண்டு அங்கே அழித்துவிடுவாள். அதனால் பாப்பா பேசியது எல்லாம் அக்காவின் போன் மெமரி கார்டில் மட்டும்தான் இருந்தது. அதையும் பாட்டு போல்டருக்குள்ளேயே போட்டிருந்தாள். பாட்டு மாறி மாறி வரும்படி விடுவாள். பாப்பா எப்போது வருவாள் என்று தெரியாது. மூன்று பாட்டு போகும், நாலு பாட்டு போகும், திடீரென்று பாப்பா. நாயைத் திட்டுவாள். களி சுடுகிறது என்று அழுவாள். அவளுக்கு இன்னும் ர சொல்ல வராது.

கம்பெனி பஸ்ஸில் அக்கா பக்கத்தில்தான் நான் உட்காருவேன். இயர்போனில் ஒன்று அவள் காதில், ஒன்று என் காதில். பாப்பாவின் குரல் எனக்கும் பழக்கம். ஓகே கொடுத்தபோது நினைவில் வரவில்லை.

திங்கட்கிழமை பஸ்ஸில் அக்கா சொன்னாள். "இன்னிக்கு பாப்பாவுக்கு என்னா கோவமோ தெரியல. வரவே மாட்டேங்கறா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அக்காவின் பாட்டெல்லாம் என் லேப்டாப்பிலிருந்து ஏற்றியதுதான்; அழிந்த எண் முழுக்கப் பாப்பா.

செவ்வாய்க்கிழமை ஒரு பாட்டையும் தள்ளாமல் கேட்டாள். பிடிக்காத பாட்டையும் கடைசிவரை கேட்டாள். அது முடியும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். அடுத்ததும் பாட்டுதான் வரும்.

புதன்கிழமை போல்டரைத் திறந்து தேடினாள்.

"ஒண்ணுகூட இல்லடி. எங்கடி போயிருக்கும்?"

"கார்டு கெட்டிருக்கும்கா. பழைய கார்டுதானே."

அந்தப் பதிலை முந்தின நாளே யோசித்து வைத்திருந்தேன்.

"அப்பிடியா? பாட்டெல்லாம் பாடுதே."

"கொஞ்சம் கொஞ்சமாத்தான்கா கெடும்."

"சரி. உனக்குத் தெரியாததா."

வியாழக்கிழமை புதுக் கார்டு வாங்கி வந்தாள். நான்தான் பாட்டு ஏற்றிக் கொடுத்தேன், கையால், ஒவ்வொன்றாக. பழைய கார்டை இரண்டு விரலில் பிடித்து மடக்கினாள். "எம் புள்ளைய முழுங்கிட்டியே, சனியனே," என்றாள். அது உடைந்தது. குப்பைக் கூடையில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சனிக்கிழமை ரிப்பேர் கடைக்குப் போனேன். யாருக்கோ நடந்ததாகச் சொல்லிக் கேட்டேன்.

"டெலீட் பண்ணது உடனே போயிராதும்மா. அந்தக் கார்டை எடுத்துட்டு வரச் சொல்லு. பாதியாவது எடுத்துத் தர்றேன்."

"கார்டு உடைஞ்சிருச்சுங்க."

"யாரு உடைச்சது?"

கடையை விட்டு வந்துவிட்டேன். அழித்தது தெரியாமல் செய்தது. கார்டை உடைக்க வைத்தது தெரிந்து செய்தது. அதன்பிறகு அக்கா துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டேன். "என்னாடி இது, புதுசா?" என்று கேட்டாள். சும்மா என்றேன். பஸ்ஸில் இயர்போன் நீட்டினால் வாங்கிக்கொள்வேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

மாதக் கடைசியில் அக்கா ஊருக்குப் போய் வந்தாள். புதிதாக நாலு கொண்டு வந்தாள். திங்கட்கிழமை காலை, எல்லைக்கு முன்னால் லாரிகள் நின்றிருந்தன. எங்கள் பஸ்ஸும் நின்றது. ஒரு பாட்டு முடிந்து பாப்பா வந்தாள். எருமை மாட்டைப் பற்றி ஏதோ சொன்னாள். ர சுத்தமாக வந்தது.

"ர வந்திருச்சு பாத்தியா," என்று அக்கா சிரித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"ர வராம பேசுனது இனிமே எங்க கேக்கறது. எத்தனை இருந்துச்சுன்னுகூட நான் எண்ணல. பதினஞ்சு இருக்குமா?"

அந்த எண் எனக்கு மட்டும் தெரியும். இயர்போனை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"கார்டு கெடலக்கா. நாந்தான் அழிச்சேன். அன்னிக்கு லேப்டாப்புல எத்தனைன்னு காட்டுச்சு. பாத்தேன்."

அக்கா கையை மூடவில்லை. இயர்போனுக்குள் பாப்பா பேசிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?"

இருபத்து மூன்று.