சைலன்சரின் அடியில் இருந்த துளை

விருத்தாசலத்தில் பாதிப் பேர் ஏதோ ஒரு காலத்தில் பீங்கானில் கை வைத்தவர்கள். சூளையிலிருந்து வெளியே வரும் எதிலும் ஊசி முனை அளவு துளை இருந்தாலும் அது கழிவு. இந்தக் கண்ணோடுதான் அவர்கள் உலகத்தையே பார்க்கிறார்கள். என் மச்சான் என் காரையும் அப்படித்தான் பார்த்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பீங்கான் தொழிற்பேட்டையில் சரக்குத் தரம் பிரித்தவர். பொருளை விரலால் சுண்டி, சத்தத்தைக் கேட்டு, உதவாததை ஒதுக்குவதே அவர் வாழ்நாள் உத்தியோகம். நான் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் அலுவலகத்தில் கால் உடைந்த நாற்காலியை வெளியே போடுவதற்குக்கூட முதலில் பார்வையிட வேண்டும், பிறகு குறிப்பு எழுத வேண்டும், பிறகு உத்தரவு வர வேண்டும். அதைக் கேலி செய்யாதவர் கிடையாது. ஆனால் அங்கே எவரும் நல்ல நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டதில்லை.

என் கார் பழையது. பெரும்பாலும் கடைத்தெரு, மருந்துக்கடை, ஸ்டேஷன் என்று கூப்பிடு தூரத்துக்கே ஓடும். சைலன்சர் சூடேறுவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும். புகையோடு வரும் நீராவி சைலன்சருக்குள்ளேயே தண்ணீராகத் தங்கிவிடும். அந்தத் தண்ணீர் வடியட்டும் என்றுதான் காரைச் செய்தவர்கள் சைலன்சரின் அடியில் சிறு துளை ஒன்றை விட்டிருந்தார்கள். காரோடு வந்த கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படித்தவன் நான். ஆகவே என்னிடம் யாரும் எதையும் கேட்பதில்லை.

அந்தக் காருக்கு ஒரே ஒரு நெடும்பயணம் உண்டு. என் மனைவியின் அக்கா ஸ்ரீமுஷ்ணத்தில் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். பேச்சு போய்விட்டது. தங்கை வந்தால் மட்டும் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார். என் மனைவிக்கு முழங்கால் மடங்காது, பஸ் படி ஏற முடியாது. அதனால் மாதம் இரண்டு முறையாவது காரின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு, தூசிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு, அக்காவைப் பார்க்கப் போவாள். முன்னால் என் பக்கத்துக் கண்ணாடி எப்போதும் இறங்கியே இருக்கும்.

போன மழைக்காலத்திலிருந்து, ஸ்ரீமுஷ்ணம் போய்த் திரும்பினால் அவளுக்குத் தலைவலி. சில நாள் வாந்தி. டாக்டர் பிரஷர் பார்த்தார், சர்க்கரை பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். மச்சான் மட்டும் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பெரியக்காவ அந்தக் கோலத்துல பாத்துட்டு வந்தா அக்காவுக்கு மனசு தாங்கல மாமா. இனிமே கூட்டிக்கினு போவாதீங்க. போன்ல விசாரிச்சா போதும்."

சென்னையிலிருந்து மகளும் அதையே சொன்னாள். எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். என் மனைவி எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்ரீமுஷ்ணத்து வீட்டிலிருந்து போனில் பேசியவர்கள், "ஆத்தா வாசப்படியையே பாத்துக்கினு கெடக்குது" என்றார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை.

தை பிறந்தபோது கார் டிராக்டர் போலக் கத்த ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்னா சார், ஏரோட்டக் கெளம்பிட்டீங்களா?" என்றார். மச்சானையும் ஏற்றிக்கொண்டு பைபாஸில் உள்ள வெல்டிங் கடைக்குப் போனேன். காரை உயரத்தில் ஏற்றி, வெல்டர் அடியில் நின்று ஸ்க்ரூடிரைவரால் சைலன்சரைக் குத்தினார். தண்ணீரில் ஊறிய முறுக்கில் குத்தியதுபோல அது உள்ளே போயிற்று. செம்மண் நிறத்தில் தண்ணீர் அவர் கையில் கொட்டியது. துரு ஏடு ஏடாக உதிர்ந்தது.

அந்தத் துருவின் நடுவில் ஒரே ஒரு இடம் மட்டும் வெள்ளையாக, கல் மாதிரி, சிறிதும் சேதமில்லாமல் இருந்தது. தண்ணீர் வடிய வேண்டிய துளையில் யாரோ அடைப்பு வைத்திருந்தார்கள்.

"என்னாங்க சார் இது? பீங்கான் மாதிரி இருக்குது" என்றார் வெல்டர்.

மச்சானின் முகத்தில் ஒரு பெருமை வந்தது. "நாந்தான் வச்சேன். வெள்ளக் களிமண்ணும் சிலிகேட் பசையும் கலந்து வச்சா சூட்டுல தானா வெந்து எறுகிக்கும். பாத்தீங்களா மாமா, சைலன்சர் போனாலும் இது போவல."

"எப்ப வச்சே?"

"மழைக்கு முன்னாடி. சொட்டு சொட்டா ஒழுவிக்கினு இருந்துது. அக்கா போற வண்டியாச்சே, நடுவழியில நின்னுடப் போவுதுன்னுதான்."

வெல்டர் சமாதானத்துக்கு வந்தார். "அவரச் சொல்லாதீங்க சார். இங்க வர்றவங்க எல்லாரும் ஒழுவுதுன்னுதான் வராங்க. நானே ஒரு பொட்டு வெல்டு வச்சு அனுப்பிடுவேன்."

ஊருக்கே சேவை செய்திருக்கிறார். நான் சைலன்சரின் மேல்பக்கத் தகட்டுத் தையல் பிளந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வடியாத தண்ணீர் அதையும் துருப்பிடிக்க வைத்து, புகைக்கு மேலே வழி விட்டிருந்தது. காரை இறக்கச் சொல்லி டிக்கியைத் திறந்து பாயைத் தூக்கினேன். அடித்தகட்டில் ரப்பர் மூடி ஒன்று கழன்று போன ஓட்டை. அதைச் சுற்றிக் கரி. கரி பின்சீட்டு வரை கோடு போட்டிருந்தது.

அடைக்க வேண்டிய ஓட்டை அதுதான். அதை யாரும் பார்க்கவில்லை.

"உங்க அக்காவுக்கு மனசு தாங்கலன்னு சொன்னியே, இத வந்து பாரு. அவ ஸ்ரீமுஷ்ணம் வரைக்கும் புகையக் குடிச்சிக்கினு போயிருக்கா. கண்ணாடிய ஏத்திக்கினு. இன்னும் ரெண்டு தடவ போயிருந்தா நீ பொறந்த வீட்டுக் கோடிதான் எடுத்திருக்கணும்" என்றேன். சத்தமாகவே சொன்னேன். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மச்சான் டிக்கிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். கரியை விரலால் தொட்டார். அந்த விரலை வேட்டியில் துடைக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். பார்த்தால் பரிதாபமாக இருந்தது. எனக்குப் பரிதாபம் வரவில்லை.

பழையதில் தகடு வைத்து வெள்ளி பெயிண்ட் அடித்தால் புதுசு மாதிரி இருக்கும் என்றார் வெல்டர். வேண்டாம் என்று கடலூரிலிருந்து புதிய சைலன்சர் வரவழைத்தேன். டிக்கி ஓட்டைக்கு மூடி போட்டு, எங்கும் புகை கசியவில்லை என்று என் கண் முன்னால் சோதித்துக் காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கிளம்பினோம். வண்டி சூடாகட்டும் என்று வாசலில் ஓட விட்டிருந்தேன். மச்சான் பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார்.

"மாமா, இதுவும் சொட்டுது."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்சீட்டிலிருந்து என் மனைவி சொன்னாள்: "டேய், கைய எடுடா. வந்து ஏறு."

போய்ச் சேர்ந்தபோது அவளுக்குத் தலைவலி இல்லை. அவளே அதைச் சொன்னாள், சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனாள். கட்டிலில் அக்கா அவளைப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். நீட்டிய கையைத் தொடவில்லை. இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று கேட்க அவருக்கு வேறு வழி இல்லை. களிமண், சிலிகேட், புகை என்று யார் போய் அவருக்கு விளக்குவது? என் மனைவி கட்டில் ஓரத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மச்சான் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பொழுது சாயும்போதுதான் அந்த இடது கை மெல்ல நகர்ந்து வந்து தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தது. முகம் மட்டும் இன்னும் சுவர் பக்கமே இருந்தது.

"மாமா, இருட்டறதுக்குள்ள கெளம்பணும்" என்றார் மச்சான்.

"பேசாம உக்காரு" என்றேன்.