நாலாம் ஷிப்டின் குரல்

செல்வமணி இறந்த செய்தி எனக்கு என் படத்தோடு வந்தது.

பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், நாங்கள் நால்வரும் நிற்கும் பழைய கேசட் அட்டையை யாரோ போட்டிருந்தார்கள். கீழே 'நம்ம டவுன்ஷிப் தந்த பாடகர் மறைந்தார்' என்று ஒரு வரி. நால்வரில் ஒரு முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் இருந்தது நான். பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். அதற்குள் பதினாறு பேர் கைகூப்பியிருந்தார்கள். 'வட்டத்துக்குள் இருப்பவன் உயிரோடு இருக்கிறான். இறந்தவன் வலது ஓரத்தில், பாதி முகம் தெரிகிறவன்' என்று எழுதிப் போட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர், 'அவரும் உங்க குரூப்பா?' என்று கேட்டார்.

ஆமாம், அவனும் எங்கள் குரூப்தான். பழைய மாணவர்களின் இந்த மலருக்கு அரைப் பக்கத்தில் அஞ்சலி கேட்டார்கள். அரைப் பக்கத்தில் அடங்குகிற விஷயம் இல்லை இது. மற்ற இருவரிடம் கேட்டிருந்தால் அழகாக எழுதியிருப்பார்கள். ஒருவன் கனடாவிலிருந்து இதயம் உடைந்த படம் அனுப்பினான். இன்னொருவன் வீட்டுமனை விற்கிற ஊரிலிருந்து வருவதாகச் சொன்னான், வரவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு, ஆங்கில இசைக் குழுக்களைப் பார்த்து ஊருக்கு ஊர் பையன்கள் நாலு பேர், ஐந்து பேராகச் சேர்ந்து ஆடிப் பாடத் தொடங்கிய காலத்தில், நாங்களும் ஒரு குழு வைத்தோம். எங்கள் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தில் மூன்று ஷிப்ட். நாங்கள் வேலையில்லாமல் சுற்றியதால் எங்களுக்கு 'நாலாம் ஷிப்ட்' என்று என் அப்பா வைத்த பெயர் அது. திட்டுவதற்காக வைத்தார். நாங்கள் அதையே கேசட்டில் போட்டுக்கொண்டோம். எங்களில் மூவர் சுரங்க ஊழியர் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பையன்கள். செல்வமணி மட்டும் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு மந்தாரக்குப்பம் பக்கம் குடியேறிய குடும்பத்தில் பிறந்தவன்.

சென்னையில் ஒரு கேசட் கம்பெனி எங்களைப் பதிவுக்குக் கூப்பிட்டது. முதல் நாளே மூன்று பேருக்குச் சுருதி நிற்கவில்லை. இசையமைப்பாளர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "அந்தக் குள்ளப் பையன் மட்டும் உள்ள இரு, மத்தவங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றார். நாங்கள் இரண்டு நாள் டீ குடித்தோம். எட்டுப் பாட்டிலும் நான்கு பேர் பாட வேண்டியதைச் செல்வமணி ஒருவனே நான்கு விதமாகக் குரலை மாற்றிப் பாடி முடித்தான். பாட்டு முடிந்து வெளியே வந்தவன் என்னிடம், "மேல போறத எவன் வேணா பாடுவான்டா. எறங்கறப்பதான் தெரியும் எவன் பாட்டுக்காரன்னு" என்றான். பெருமையாகக் கூடச் சொல்லவில்லை. தச்சர் உளியைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னான்.

அதில் ஒரு பாட்டை டிவிக்காகப் படமெடுக்க வந்த இயக்குநருக்குக் கண் மட்டும்தான் இருந்தது. செல்வமணி குட்டை, முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். "இவன் ஓரமா நிக்கட்டும், நீ முன்னாடி வா" என்று என்னைப் பிடித்து இழுத்தார். நான் நின்றேன். அந்த ஒரு பாட்டு டிவியில் ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டு செல்வமணியின் குரலைக் கேட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவன் வீட்டில் அந்த முடிவை எடுத்தார்கள். கொடுத்த நிலத்துக்கு அவர்கள் குடும்பத்தில் ஒருவருக்கு நிரந்தர வேலை வந்தது. மூத்த மகன் என்பதால் அது செல்வமணிக்கு. ஆனால் அவன் அப்பா, "டிவில வர்ற புள்ளைக்கு எதுக்குடா மைன்ஸ் வேல? சின்னவன் போவட்டும், அவனுக்குத்தான் ஒண்ணும் வராது" என்றார். செல்வமணி சிரித்துக்கொண்டே, "எனக்கு இதான்ப்பா பர்மனென்ட்" என்றான். தம்பிக்கு விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். நான் நன்றாக எழுதுவேன் என்று என்னிடம் வந்தார்கள். ஒரு பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். நிரந்தர வேலையை வேண்டாமென்று நம் பக்கத்தில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கடிதம் எழுதியிருக்க மாட்டார்கள்.

ஒன்றரை ஆண்டு ஓடினோம். கல்லூரி விழாக்களில் கேசட்டைப் போட்டுவிட்டு, உயிரில்லாத மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆடினோம். கடலூரில் ஒரு மேடையில் டேப் சிக்கிக்கொண்டது. திரைக்குப் பின்னால் ஓடிய செல்வமணி, அறிவிப்பாளரின் மைக்கைப் பிடுங்கி விட்ட இடத்திலிருந்து பாடினான். நான் முன்னால் வாயசைத்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை. இரண்டாவது கேசட்டுக்கு நாள் குறித்துவிட்டு, கம்பெனி எங்களைக் கூப்பிடவே இல்லை. காலம் மாறிவிட்டதாம். அந்தக் கம்பெனியை நான் மன்னிக்கவில்லை. நான் மன்னிக்காதவர்களின் வரிசை நீளம். அதில் முதலில் நிற்பவன் யார் என்று பிறகு சொல்கிறேன்.

நான் படித்திருந்தேன், ஒரு தனியார் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர் ஆனேன். செல்வமணி கொஞ்ச நாள் பண்ருட்டிக் கல்யாணங்களில் பாடினான். பிறகு சுரங்கத்தில் காண்ட்ராக்ட் கூலியாகச் சேர்ந்தான். கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற மண்ணை வாரிப் போடும் வேலை. அவன் தம்பி அதே சுரங்கத்தில் பர்மனென்ட், குவார்ட்டர்ஸில் வீடு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஆயுத பூஜைக்கு எங்க ஷெட்டுக்கு ஒரு வாட்டி வந்துட்டுப் போயேன்."

"நான் எதுக்குடா?"

"அந்தப் பாட்ட பாடினா, 'ஒரிஜினல் மாதிரியே இருக்குது மச்சான்'றானுங்க. ஒரிஜினலே நான்தான்டான்னா சிரிக்கிறானுங்க. அது போவட்டும், எம் பொண்ணு பாப்பாவே நம்ப மாட்டன்னுது. 'வீடியோல நீ வாயே தொறக்கலியேப்பா'ன்னுது. நீ வந்து ஒரு வார்த்த சொல்லிடு. போதும்."

அவன் என்னிடம் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான்.

போனேன். பகல் பதினொரு மணி. மண்வெட்டி, கடப்பாரை எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வந்து பொரிகடலை தின்றுகொண்டிருந்தவர்களில் முதல் வரிசையில் அவன் மனைவியும் மகளும். மேஸ்திரி எனக்குப் பெரிய மாலை போட்டு, "நம்ம டிவி சாரு வந்துகிறாரு!" என்று கத்தினார். விசில். மைக் என் கைக்கு வந்தது. செல்வமணி இன்னொரு மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றான். அன்றைய நிகழ்ச்சியை நடத்துகிறவன் அவன்தான்.

"இந்தப் பாட்டைப் பாடியது..." என்று ஆரம்பித்தேன்.

"பேச்செல்லாம் அப்பறம் சார், மொதல்ல பாட்டு!"

யாரோ செல்போனில் பாட்டின் இசையைப் போட்டுவிட்டார்கள். எனக்குப் பாட வராது. மைக்கைக் கீழே வைத்திருக்கலாம். நான் முழிப்பதைச் செல்வமணி பார்த்தான். பாட்டு தொடங்க வேண்டிய இடம் வந்தது. பெட்டிக்குப் பின்னால் நகர்ந்து பாடத் தொடங்கினான். என் உதடுகள் அசைந்தன.

முடிந்ததும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மாலை கழுத்தில் இருந்தது. இருபது ஆண்டுகளாக எனக்கு யாரும் கை தட்டியிருக்கவில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கினேன். நான் மன்னிக்காதவர்களின் வரிசையில் முதலில் நிற்பவன், அப்படிக் கும்பிட்டு இறங்கிய இவன்தான்.

செல்வமணி வண்டிவரைக்கும் கூட வந்தான். "நான் மூச்சு எடுக்கிற எடத்துல கரெக்டா வாய மூடற. மறக்கவேயில்லடா நீ" என்றான். அதில் குத்தல் இருக்கிறதா என்று நான்கு ஆண்டுகளாகத் தேடுகிறேன். இருந்தால் நிம்மதியாக இருக்கும். இல்லை.

இறந்த அன்று முதல் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த செல்வமணி எழவில்லை. நான் போனபோது பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது கல்லூரியில் படிக்கும் அவன் மகள், வாசலில் நாற்காலியை எடுத்து எனக்குப் போட்டாள். அதுவே எனக்குத் தாங்கவில்லை.

"பாப்பா, அந்தப் பாட்டப் பாடினது உங்கப்பாதான்" என்றேன்.

"தெரியும் மாமா. அன்னிக்கி நான் பெட்டிக்குப் பின்னால அப்பாவதான் பாத்துகினு இருந்தேன். கழுத்து நரம்பெல்லாம் பொடச்சிகினு இருந்துச்சி. நீங்க எறங்கறதுக்குள்ள சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

"அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'கூட்டத்துல வரல அவனுக்கு, இன்னொரு நாள் சொல்லுவான்'னாரு. அப்பறமும் ரெண்டு மூணு தபா கேட்டேன். சொல்லுவான்னுதான் சொன்னாரு."

அவள் உள்ளே போய்விட்டாள். அழவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும்.

ஆகவே, எங்களை அறிந்தவர்களே, கேசட் அட்டையில் 'குரல்' என்ற இடத்தில் நால்வர் பெயரும் இருக்கிறது. மூன்று பெயர்களை அடித்துவிடுங்கள். எட்டுப் பாட்டும் செல்வமணி பாடியவை. இதை அவன் உயிரோடு இருந்தபோது, மண்வெட்டிகளுக்கு நடுவில், அவன் மகளின் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். அச்சில் சொல்வது எளிது. கை தட்டவும் ஆளில்லை, கேட்க அவனும் இல்லை.

அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவன் மூச்சு எடுத்த இடங்கள். பல்லவியில் இரண்டு, முதல் சரணத்தில் மூன்று, கடைசியில் இறங்கும்போது ஒன்று. தனியாக இருக்கையில் அந்தப் பாட்டு மனதில் ஓடினால், அந்த ஆறு இடங்களிலும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. மற்ற இடங்களில் திறக்கிறது. சத்தம் வருவதில்லை.