என்ரை கை வளைச்ச குழாய்

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலை நிக்குமாம். என்ரை மனிசி சொல்லுறவ. இத்தாலியிலை, பலெர்மோவிலை, அந்த ஆனி மாசம் அது மூக்கை விட்டு இறங்கவேயில்லை. காரணம் ஒரு கார்.

அமெரிக்காக்காரன் அறுபதுகளிலை செய்த எட்டு சிலிண்டர் கார். பக்கத்து ஊர் பகேரியாவிலை இருக்கிற ஒரு சிஞ்ஞோரா அம்மாவின்ரை. காலமை சாவியைத் திருப்பினா ஒழுங்கையே அதிரும். வெய்யில் ஏறி அரை மணித்தியாலம் ஓடினா, ஒரு சிவப்பு லைட்டிலை ரெண்டு தரம் இருமிப்போட்டு நிண்டிடும். முக்கால் மணித்தியாலம் ஆறவிட்டா ஒண்டும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் வரும். மூண்டு தரம் இழுவை லொறியிலைதான் எங்கடை கராச்சுக்கு வந்தது.

நான் அப்ப அந்தக் கராச்சிலை பரீட்சை வேலையிலை இருந்தன். ஏழு வருசம் ரெஸ்டோரன்ட் குசினியளிலை பிளேட் கழுவின ஆள். ஆறு மாசம் பாப்பன், சரியெண்டா மெக்கானிக் எண்டு போட்டு கொன்த்ராத்தோ எழுதித் தாறன் எண்டு முதலாளி சொல்லியிருந்தார். அந்த வேலைக் கடதாசி இல்லாட்டி இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான என்ரை பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கேலாது. மாசக் கடைசியோடை ஆறு மாசம் முடியுது. "இந்தக் கார் இன்னொருக்கா லொறியிலை வந்தா நீ திரும்பப் பிளேட் கழுவப் போகலாம்" எண்டு முதலாளி சிரிச்சுக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரேல்லை.

கொயில் மாத்தினன், சரிவரேல்லை. பெற்றோல் பம்ப் மாத்தினன், அதுவும் சரிவரேல்லை. பம்ப் வித்த கடைக்காரன் பழுதான சாமானைத் தலையிலை கட்டிப்போட்டான் எண்டு முதலாளி முடிவு கட்டினார். பின்னேரம் போய் அவனோடை கொழுவப்போறன் எண்டு நிண்டார்.

எனக்கு மனம் கேக்கேல்லை. மத்தியானம் ஒரு மணிக்கு, கொதிக்கிற வெய்யிலுக்கை, காரை நிப்பாட்ட வைக்க வேணுமெண்டே ஸ்தாசியோனே சென்ட்ராலே, பெரிய ரயில் ஸ்டேசன் பக்கம், நெரிசலுக்கை கொண்டுபோனன். சொல்லி வைச்ச மாதிரி நிண்டுது. பின்னாலை வந்த பஸ் சாரதி என்ரை தாயையும் சேர்த்துத் திட்டினான். நானும் நல்ல தமிழிலை திருப்பிக் குடுத்தன்.

பிளக் வயரைக் கழட்டிப் பாத்தன், நெருப்புப்பொறி நல்லாப் பறந்துது. கரண்டிலை பிழையில்லை. கார்பரேட்டருக்குள்ளை எட்டிப் பாத்துக்கொண்டு அக்சிலேற்றர் வயரை இழுத்தன். ஒரு துளி பெற்றோல் சீறேல்லை. அப்ப பெற்றோல்தான் வந்து சேரேல்லை. பெற்றோல் குழாயிலை துணியைச் சுத்தி, குடிக்க வைச்சிருந்த தண்ணியை முழுக்க ஊத்தினன். கொஞ்ச நேரத்திலை எஞ்சின் பிடிச்சுது. குழாய்க்குள்ளை பெற்றோல் கொதிச்சு ஆவியாகுது, ஆவியைப் பம்ப் இழுக்காது. இவ்வளவுதான் விசயம்.

எங்கை கொதிக்குது? குழாய் வழியே விரலை ஓட்டினன். ஒரு இடத்திலை அது புகை வெளிக்கிடுற இரும்போடை ஒட்டிக்கொண்டு கிடந்தது. விரல் சுட்டுப்போட்டுது. குனிஞ்சு அந்த வளைவைப் பாத்தன். மாரியிலை இந்தக் கார் சேர்விசுக்கு வந்தப்ப, துருப்பிடிச்ச பழைய குழாயைக் கழட்டிப் புதுசு போட்டது நான்தான். அது என்ரை கை வளைச்ச வளைவு.

வன்னியிலை சண்டைக் காலத்திலை பெற்றோல் கண்ணாலை காணேலாது. கார், மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலைதான் ஓடினது. மண்ணெண்ணெய் குளிரா இருந்தா எரியாது, அதைச் சூடாக்க வேணும். அதாலை குழாயை அந்தச் சுடு இரும்போடை ஒட்டி வளைச்சு விடுவம். நான் தொழில் பழகினதே அப்பிடித்தான். பெற்றோல் ஓடுற காருக்கும் என்ரை கை தன்ரை பாட்டிலை அதையே செய்துபோட்டுது. மாரிக்குளிருக்கை ஒண்டும் தெரியேல்லை.

கராச்சுக்குக் கொண்டுவந்து குழாயை நாலு விரல் தள்ளி வளைச்சுப் பூட்டினன். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். மனிசிக்கு போன் அடிச்சு நடந்ததைச் சொன்னன்.

"இஞ்சேருங்கோ, தவளை தன் வாயாலை கெட்ட கதையாக்கிப் போடாதேங்கோ. கார் ஓடுதுதானே. பேசாமல் இருங்கோ" எண்டா.

அவ சொன்னதிலை பிழையில்லை. அவவின்ரை பெர்மெஸ்ஸோவும் என்ரை வேலைக் கடதாசியிலைதான் தொங்குது. நானும் பேசாமல்தான் இருக்க நினைச்சன். ஆனா முதலாளி வந்து, பம்ப் வாங்கின பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளிக்கிட்டார். அந்தக் கடைக்காரன் ஒரு பாவமும் அறியான். எனக்குப் பொறுக்கேல்லை.

"பம்ப் நல்லது. பிழை என்னிலை" எண்டு சொல்லிப்போட்டன்.

கால் மணித்தியாலம் திட்டினார். சிசிலியன் பாசையிலை திட்டினபடியா பாதி விளங்கேல்லை, விளங்கின பாதியே காணும். மூச்சு வாங்கேக்கை, "மண்ணெண்ணெயிலை கார் ஓடுமோ?" எண்டு கேட்டார். நிலத்திலை சோக்கட்டியாலை கீறிக் காட்டினன். குந்தியிருந்து கனநேரம் பாத்தார். பேந்து காரிலை ஏறி, "ஓட்டு" எண்டார்.

பகேரியா வரைக்கும் போனம். அங்கை நடு வெய்யிலிலை எஞ்சினை நிப்பாட்டச் சொன்னார். இருபது நிமிசம் அவிஞ்சுகொண்டு இருந்தம். சாவியைத் திருப்பினன். ஒரே தரத்திலை பிடிச்சுது.

கராச்சுக்கு வந்து மேசை லாச்சியைத் திறந்து கொன்த்ராத்தோவை எடுத்துக் கையெழுத்து வைச்சார். "ஆகஸ்டிலை நான் கடலுக்குப் போறன். ஒவ்வொரு வருசமும் கராச்சைப் பூட்டிப்போட்டுத்தான் போறனான். இந்த முறை சாவி உன்னட்டை இருக்கட்டும்" எண்டார்.

நான் கராச்சுக்குப் பின்னாலை போய் மனிசிக்கு அடிச்சன். அவ போனை எடுத்தும் எனக்கு வாய் வரேல்லை. அவ அங்காலை ரெண்டு தரம் ஹலோ சொன்னா. பிறகு குரலைத் தாழ்த்தினா.

"சொல்லிப்போட்டியள் என்ன? வேலை போச்சோ? சரி, பரவாயில்லை. வீட்டை வாங்கோ, சோறு போட்டு வைக்கிறன்."

அதுக்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.