பாதிக்கு மேல் வரும் மணம்

வியாகுலம்மாள் சுருட்டைப் பற்ற வைத்தால் எங்கள் பட்டறையில் பேச்சு தானாக நின்றுவிடும். யாரும் அப்படி உத்தரவு போட்டதில்லை. அவள் கண்ணை மூடி முதல் புகையை வாய்க்குள் நிறுத்தி வைத்திருப்பாள். அப்புறம் அதைச் சோம்பலாக விடுவாள். ஓட்டுச் சந்தில் இறங்கும் வெயிலுக்குள் அந்தப் புகை ஏறிப் போவதைப் பார்த்தால் எங்களுக்கும் கண் செருகும். காவிரியில் மார்பளவு தண்ணீரில் நிற்பது போல உடம்பு லேசாகிவிடும்.

நான் மீனாம்பாள். உறையூரில் அந்தப் பட்டறையில் புகையிலைக்கு நரம்பு கிழித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாய் நீளம் என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் நான் பேசியதை ஒன்று விடாமல் கேட்டவர்கள்தான். வியாகுலம்மாள் என் எதிர்ப் பலகையில் உட்கார்ந்து சுருட்டுவாள். அதற்கு மேல் அவளுக்கு ஒரு வேலை உண்டு. வெளியிலிருந்து பெயர் தெரியாத சுருட்டு எது வந்தாலும் பிடித்துப் பார்த்து, இலை எந்த ஊர், பதம் எப்படி, சுருட்டிய கை யாருடையது என்று சொல்ல வேண்டும். பெண்பிள்ளை சுருட்டுப் பிடிப்பாளா என்று வாயைப் பிளக்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை என்றுதான் அர்த்தம்.

அவள் சொல்வது தூக்கத்தில் பேசுவது மாதிரி இருக்கும். "இந்த இலை நின்ன வருஷம் மழை பிந்தித்தான் பெஞ்சிருக்கு," என்பாள். "சுருட்டினவன் பக்கத்துல கைக்குழந்தை அழுதிருக்கு. நடுவுல ஒரு தடவை எழுந்து போயிருக்கான்," என்பாள். விசாரித்தால் சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும். கண்ணைத் திறந்துகொண்டு நான் பார்ப்பதை விட அவள் கண்ணை மூடிக்கொண்டு அதிகம் பார்த்தாள்.

அவள் தெருவில் இருந்த வேதக்கார, அதாவது கிறிஸ்தவ, சுருட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம். பெண் கேட்டு வரும்போது, மாப்பிள்ளை தன் கையால் சுருட்டிய ஒரு சுருட்டைக் காகித வளையம் போடாமல் வெற்றிலைத் தட்டில் வைத்து அனுப்ப வேண்டும். பெண் வீட்டில் ருசி தெரிந்தவர் அதைப் பிடிப்பார். விரல் சுடும் வரை பிடித்தால் சம்மதம். பாதிக்கு முன்னால் அணைத்து வைத்தால் வேண்டாம். யாரும் வாய்விட்டு மறுக்க வேண்டியதில்லை, மனத்தாங்கலும் இல்லை. அந்தத் தெருவில் பாதிக் கல்யாணங்கள் வியாகுலம்மாளின் நாக்கில் முடிவானவை. அவள் சொல்லிச் சேர்ந்த எந்த ஜோடியும் பிரிந்ததாக நான் கேள்விப்படவில்லை.

அவள் கல்யாணம் மட்டும் அந்த நாக்கில்தான் கெட்டது.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது தபசு நாட்கள் முழுவதும் அவர்கள் வீட்டில் யாரும் சுருட்டைத் தொட மாட்டார்கள். அந்த நாட்களில் கல்யாணமும் கிடையாது. அதனால் ஈஸ்டர் முடிந்த மறுநாளே பெண் கேட்கும் தட்டுகள் கிளம்பிவிடும். நிதானமுள்ளவர்கள் தட்டை வாங்கி வைத்துக்கொண்டு, சில நாள் சின்னச் சுருட்டாகப் பிடித்து நாக்கைப் பழக்கிய பிறகுதான் தட்டுச் சுருட்டைத் தொடுவார்கள். பட்டினி கிடந்த நாக்குக்கு எந்தப் புகையும் நெருப்பாகத்தான் தெரியும். இவளுக்கு அந்த வயதில் நாக்கின் மேல் அவ்வளவு கர்வம். தைரியராஜ் வீட்டுத் தட்டு வந்ததும் எல்லார் முன்னாலும் அப்போதே பற்ற வைத்தாள். மூன்று இழுப்பு இழுத்தாள். முகத்தைச் சுளித்தாள். அணைத்து வைத்துவிட்டாள்.

தைரியராஜ் பக்கத்துப் பட்டறையில் சுருட்டுகிறவன். அதிகம் பேசாதவன். தட்டோடு அவனும் வந்திருந்தான். அதை எடுத்துக்கொண்டு போனான். அணைத்த சுருட்டு இவளிடமே இருந்தது.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம், சும்மா இருக்க முடியாமல் அந்த மிச்சத்தை எடுத்துப் பற்ற வைத்திருக்கிறாள். நாக்கு அதற்குள் நிலைக்கு வந்திருந்தது. காரம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாதி தாண்டியதும் அடியிலிருந்து நாரத்தை மணம் வந்திருக்கிறது. கருப்பட்டித் தண்ணீரில் எல்லாரும்தான் இலையை ஊற வைக்கிறார்கள். அதில் நாரத்தைச் சாற்றைச் சேர்த்து, அது முதலில் தெரியாமல் பாதிக்கு மேல்தான் தெரிய வேண்டும் என்று அடுக்கியிருக்கிறான் அந்த மனுஷன். பொறுத்திருந்து பிடிக்கிறவளுக்காகச் செய்தது.

"அந்த மணம் வந்தப்ப, ஒரு வீட்டுக்குள்ள போன மாதிரி இருந்துச்சு மீனா," என்று என்னிடம் மட்டும் சொன்னாள். "ஜன்னல் தெறந்திருக்கு. பின்னால நாரத்தை மரம் நிக்குது. நான் அங்க ரொம்ப நாளா குடியிருக்கேன்."

"அதை அவன்கிட்டப் போய்ச் சொல்றதுதானே?" என்றேன்.

"ஊரை விட்டுப் போயிட்டாரு. எங்கேன்னு யாருக்கும் தெரியல. அணைச்சதைத் திரும்பப் பத்த வச்சுப் பிடிச்சா, அது கணக்குல வராது."

தான் பிசகினது தெரிந்தால், தான் சொல்லிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்று பயந்தாள். அதனால் வாயை அப்படியே மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு தன்னைப் பெண் கேட்டு வந்த தட்டுகளை அவள் தொடவே இல்லை. எனக்கு அவள் மேல் கோபம் வரும். மறு நிமிஷமே பாவமாகவும் இருக்கும்.

அறுபத்துமூன்றில், மாசி பிறந்த சமயம், எங்கள் வெளியூர் விற்பனைக்காரர் ரெங்கநாதன் ஒரு சுருட்டோடு வந்தார். ஸ்ரீரங்கம் உத்தர வீதிக்காரர். பஞ்சகச்சம், திருமண், தோளில் பை. ஜில்லா முழுவதும் சுருட்டு விற்றவர், ஒரு நாளும் சுருட்டை வாயில் வைத்ததில்லை. பட்டறைக்கு வந்துவிட்டுப் போனால் காவிரிக்கரை அம்மா மண்டபத்தில் முழுக்குப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். அவரை நான் கேலி செய்யாத நாள் இல்லை, அவரும் கோபித்துக்கொண்ட நாள் இல்லை.

"துறையூர்ச் சந்தையிலே ஒருத்தர் வளையமே இல்லாம விக்கறார்," என்று முதலாளியிடம் சொன்னார். "நம்ம சரக்கை ஒருத்தரும் சீந்த மாட்டேங்கறா. யாரு, எந்த ஊர்னு கேட்டா சிரிக்கறார். இதை அந்த அம்மாகிட்டக் காட்டுங்கோ." சுருட்டை இரண்டு விரலால் வாழைச்சருகோடு பிடித்து நீட்டினார்.

முதலாளி அதை வியாகுலம்மாளிடம் கொடுத்தார். பட்டறை அடங்கியது.

வியாபாரத்துக்குப் பார்க்கும்போது அவள் கால்வாசிக்கு மேல் பிடிக்க மாட்டாள். அன்றைக்கும் கால்வாசியில் சுருட்டை விரலிடுக்கில் நிறுத்தினாள்.

"என்னம்மா, யாரு கை?" என்றார் முதலாளி.

"திண்டுக்கல் பக்கத்து இலை. பதம் நல்லா இருக்கு," என்றாள். "கை… இன்னும் தெரியல."

அவளுக்குத் தெரியாமலிருக்குமா? அவள் ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அது பாதிக்கு மேல்தான் வரும். பாதியைத் தாண்டிவிட்டு அணைக்க வழக்கத்தில் இடமில்லை, தாண்டினால் சம்மதம்தான். அந்தத் தெருப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மறுபடியும் கண்ணை மூடினாள். பாதியைத் தாண்டினாள். புகை வெயிலுக்குள் ஏறியது. சுருட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் முகம் மெல்லத் தளர்ந்ததை நான் பார்த்தேன். வெகுதூரம் நடந்து வந்து சொந்த வீட்டுக் கதவைத் தள்ளுகிறவள் முகம் அது. எனக்கும் நாரத்தை மணம் வந்தது. நிஜமாகவே வந்ததா, என் நினைப்பா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆற்றுக் காற்று உள்ளே வந்து இலைகளை லேசாகப் புரட்டிவிட்டுப் போனது. அவள் விரல் சுடும் வரை பிடித்தாள். சுட்ட பிறகும் கொஞ்சம் பிடித்தாள்.

"உறையூர்க் கைதான்," என்றாள் முதலாளியிடம். "பேரைக் கேட்காதீங்க."

பிறகு, அதுவரை எந்தப் பெண்ணும் செய்யாத ஒன்றைச் செய்தாள். தன் பலகையில் நல்ல இலையாகத் தேடி எடுத்து, ஒரு சுருட்டைச் சுருட்டினாள். வளையம் போடவில்லை. ரெங்கநாதனிடம் கொடுத்தாள்.

"சாமி, அடுத்த தடவை போறப்ப இதை அவர்கிட்டக் கொடுத்துடுங்க. பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. வேற எதுவும் சொல்ல வேண்டாம்."

"தொழில் போட்டியா?" என்றார் ரெங்கநாதன். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவர் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அந்தாளுக்குக் கல்யாணம் ஆகி நாலு பிள்ளை இருந்தா என்னடி பண்ணுவே? அணைச்சு வச்சுட்டா?"

"அணைச்சா அணைக்கட்டும். நான் ஒரு தடவை அணைச்சேன்ல," என்றாள். அன்றைக்கு அவள் சுருட்டியதில் பாதி, பெட்டிக்கு லாயக்கில்லை.

ரெங்கநாதன் திரும்பி வந்தபோது விபூதிப் புதன் கழிந்து தபசு நாட்கள் தொடங்கியிருந்தன. வந்தவர் நேராக விஷயத்துக்கு வருவாரா? வழியில் திருவெள்ளறையில் இறங்கிப் பெருமாளைச் சேவித்தது, பஸ் பஞ்சரானது, புழுதி, துறையூர்த் தண்ணீர் என்று வரிசையாகச் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, பெருமாள் நல்லா இருக்கார்ல? அந்தச் சுருட்டு என்னாச்சு?"

"அதையேன் கேக்கறேள்! கையிலே வாங்கினவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மோந்து பார்த்தார். கடையை அப்படியே போட்டுட்டு, பின்னாடி இருக்கற புளிய மரத்தடியிலே போய் உக்காந்துண்டார்."

"கூட யாரு இருந்தா? பொண்டாட்டி பிள்ளை?"

"தனிக்கட்டை. அவரே சமைச்சுக்கறார்."

வியாகுலம்மாள் தலையை நிமிர்த்தவில்லை. இலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"எவ்வளவு பிடிச்சாரு?" என்று நான்தான் கேட்டேன்.

"எவ்வளவுன்னா? பைத்தியம்தான் அவர். இத்தனூண்டு துண்டாயிடுத்து, விரல் சுட்டுண்டுது, கீழே போடுங்கோன்னு நான் கத்தறேன், காதிலேயே வாங்கல்லே. கண்ணுலேர்ந்து ஜலமாக் கொட்றது. புகை பட்டிருக்கும்னு நினைச்சேன். அப்புறம் எங்கிட்ட, 'எப்ப வரட்டும்னு கேட்டுட்டு வாங்க'ன்னார். எதுக்கு வரணும்? நம்ம பட்டறையிலே வேலைக்கா?"

பட்டறையில் ஒருத்தி விசும்பினாள். நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

வியாகுலம்மாள் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"ஈஸ்டர் முடிஞ்சு பத்து நாள் கழிச்சு வரச் சொல்லுங்க சாமி," என்றாள். "அதுக்கு முன்னால வேண்டாம். நாக்கு நிலைக்கு வரணும்."