பச்சை நைட்டி

கோமதிசங்கரின் மாட்டுப் பண்ணைக்கு மாதம் ஒரு பஸ்ஸாவது வரும். முகப்பில் 'விவசாயிகள் பட்டறிவுப் பயணம்' என்று பேனர் கட்டியிருக்கும். இறங்குகிறவர்கள் தொழுவத்தைச் சுற்றிப் பார்ப்பார்கள், கறவை இயந்திரத்தைப் படம் எடுப்பார்கள், மோர் குடிப்பார்கள். அடுத்து சங்கரன்கோவில், சாயங்காலம் குற்றாலம். பண்ணை இருக்கும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து சங்கரன்கோவில் கோயிலுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்கூட ஆகாது. எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் கும்பிட்டுப் போகிற கோமதி அம்மனை, கோமதிசங்கரின் மனைவி சுமதி பார்த்து மூன்று வருஷமாகியிருந்தது.

காரணம் செவலைப் பசு. மற்ற மாடுகளை இயந்திரம் கறந்துவிடும். செவலை இயந்திரத்தைக் கண்டாலே உதைக்கும். சுமதி தன் பச்சை நைட்டியோடு வந்து உட்கார்ந்தால்தான் பால் இறக்கும். வேறு யார் போனாலும் அடக்கிக்கொள்ளும். காலையில் ஒரு கறவை, மத்தியானம் ஒரு கறவை, நடுவில் சாணியும் தீவனமும். கல்யாண வீடுகளுக்குக் கோமதிசங்கர்தான் போய் வருவான். சுமதியின் பங்குக்குத் தேங்காய்ப் பை மட்டும் வீடு வந்து சேரும்.

போன ஐப்பசி மழையில் வைக்கோல் உருவப் போனவளின் கைக்கு ஒரு சாண் தூரத்தில் நல்லபாம்பு தலை தூக்கியது. "அம்மா கோமதி, ஒனக்கு ஒரு வெள்ளிப் பாம்பு போடுதேன்" என்று கத்திவிட்டாள். அது இறங்கிப் போய்விட்டது. தீவனம் வாங்கப் போன கோமதிசங்கர், கோயில் கடையில் வெள்ளித் தகட்டில் அடித்த பாம்பு ஒன்றை வாங்கி வந்தான்.

"கையோட உண்டியல்ல போட்டிருப்பேன். நீ ஏசுவியேன்னு கொண்டாந்தேன்."

"நேர்ந்தது நானு. நான்தான் போடணும்."

"போடு. யாரு தடுத்தா?"

யாரும் தடுக்கவில்லை. பாம்பு கடுகு டப்பாவில் குடியிருந்தது.

இந்த வெள்ளிக்கிழமை தேனியிலிருந்து பெண்கள் குழு ஒன்று வந்தது. கோமதிசங்கர் மைக் இல்லாமலே மைக் குரலில் பேசினான். "இப்பம்லாம் மாடு வளக்குதது ரொம்ப ஈசி. எங்க வீட்டுல பொம்பளைக்கு வேலையே கிடையாது. மகாராணி மாதிரி வச்சிருக்கேன்."

குழுவைக் கூட்டி வந்த ஜெயசித்ரா சுமதி பக்கம் திரும்பினாள். "அப்ப மகாராணி எங்களோட கோயிலுக்கு வரலாம்ல?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். கோமதிசங்கரும் சிரிக்க வேண்டியதாயிற்று. "போயிட்டு வாயேன்" என்றான். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "கறவைக்கு வந்துரு."

சுமதி சேலை மாற்றி, பாம்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு ஏறினாள். சன்னல் ஓரம் கொடுத்தார்கள். காற்றில் சாணி வாசம் இல்லாமல் இருப்பது அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த சந்தோஷம் கொஞ்ச தூரம்தான். பஸ் மெயின் ரோட்டை விட்டு ஒரு மண் பாதையில் திரும்பியது.

"நாட்டு மாட்டுப் பண்ணை ஒண்ணு இருக்குக்கா, பாத்துட்டுப் போயிரலாம்" என்றாள் ஜெயசித்ரா. "கோயில் எங்க போயிரப் போகுது?"

கோயில் எங்கும் போகாது. மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். கூட்டி வந்தவர்களை எப்படி அவசரப்படுத்துவது என்று சுமதியும் அவர்களோடு இறங்கினாள். அந்தப் பண்ணையிலும் ஒருவன் "வேலையே கிடையாது" என்று பேசிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி சாணிக் கூடையோடு நின்றாள். சுமதியும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கோயில் வாசலில் இறங்கியபோது நடை சாத்தியிருந்தது. "இனி நாலு மணிக்குத்தான் திறப்பாவ" என்றாள் பூக்காரி. தேனிப் பெண்கள் கோபுரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "குத்தாலத்துல தண்ணி விழுதாம்க்கா, நாங்க கிளம்புறோம். நீங்களும் வீட்டுக்குப் போகணும்ல?" என்று ஜெயசித்ரா கையைப் பிடித்துச் சொன்னாள். பஸ் போய்விட்டது.

இப்போதே கரிவலம் பஸ் ஏறினால் கறவைக்குச் சரியாக இருக்கும். பாம்பு மறுபடியும் கடுகு டப்பாவுக்குப் போகும். சுமதி கோபுர நிழலில் உட்கார்ந்தாள். போன் அடித்தது.

"எங்கன இருக்க?"

"கோயில் வாசல்ல. நடை திறக்க நாலாகும். போட்டுட்டுத்தான் வாரேன்."

"ஏட்டி, செவலை மடி கட்டிச் சாவப்போவுது. பால் வண்டிக்காரனுக்கு என்ன பதில் சொல்ல?"

"மகாராணி கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க."

வாய்தான் அப்படிச் சொன்னது. கறவை நேரம் வந்ததும் விரல்கள் தாமாகவே ஒவ்வொன்றாக மடங்கி விரிந்தன. உள்ளங்கைக்குள் வெள்ளிப் பாம்பு ஏறி இறங்கியது. இவ்வளவு தூரம் வந்தும் அவள் தொழுவத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ ஹாரன் என்று தெரிந்தும் செவலை கத்துவதாகவே கேட்டது.

நடை திறந்ததும் ஓடி, பாம்பை உண்டியலில் போட்டாள். கும்பிட்ட கை இறங்குவதற்குள் கால்கள் திரும்பிவிட்டன. பிரசாதப் புற்றுமண்ணை நெற்றியில் இட்டபடியே பஸ் பிடித்தாள்.

தொழுவத்தில் சத்தம் இல்லை. செவலை அசை போட்டுக்கொண்டிருந்தது. மடியைத் தொட்டாள், துவண்டு கிடந்தது.

"யாரு கறந்தா?"

"நான்தான்" என்றான் கோமதிசங்கர். "ஒன் நைட்டிய மாட்டிக்கிட்டுப் போனேன். மோந்து பாத்துச்சு, விட்டுருச்சு. ஒரு சொட்டு பாக்கியில்ல. வண்டிக்காரன் விழுந்து விழுந்து சிரிக்கான்."

சுமதிக்குச் சிரிப்பு வரவில்லை. செவலைதான் தன்னைக் கட்டிப் போட்டிருக்கிறது என்று நினைத்திருந்தாள். அவன் ஒருநாளும் அந்த நைட்டியை மாட்டிப் பார்த்ததில்லை. அவளும் கொடுத்துப் பார்த்ததில்லை.

"காலையில நீயே கறந்துரு. எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு."

நைட்டி தரையில் கிடந்தது, தோள் தையல் பிரிந்து. உதறி எடுத்து, அவன் சட்டை தொங்குகிற ஆணியில் மாட்டினாள்.

"அங்கன எதுக்கு மாட்டுத?"

"அடுத்த வெள்ளிக்கிழமை ஒங்களுக்கு வேணும்லா. நான் அம்மன் மொகத்தச் சரியாப் பாக்கல."