வெட்டிப் பார்த்த பஞ்சு

துரத்திவிட்டார்களாம், யார் சொன்னது? ஆய்வுக்கூடத்திலிருந்து அவளை ஒருவரும் துரத்தவில்லை. பொய் முடிவு காட்டி மாட்டிக்கொண்டாள் என்பதும் கட்டுக்கதைதான். பிழை நடந்தது உண்மை. அதைக் கண்டுபிடித்தவள் அவளே, போய்ச் சொன்னவளும் அவளே. அவள் வீட்டு மேல்மாடிக்காரி பாதியைக் கேட்டுவிட்டு மீதியைத் தானாகவே கட்டிவிட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் பேசட்டும்.

தெருவில் அவளுக்குச் சேத்தக்கா என்று பெயர். சாயப்பட்டறைக் கழிவு வாய்க்காலில் இறங்கி வாளி வாளியாகக் கறுப்புச் சேறு அள்ளிப்போகிற படித்த பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவள் கணவன் அதே பட்டறையில் சாயம் கலக்குகிறவன். "புருஷன் கலக்கி விடுறான், பொண்டாட்டி பிரிச்சு எடுக்குறா. வீட்டுக்குள்ளயே முடிச்சுக்கிட்டா என்னவாம்?" என்று மேல்மாடிக்காரி சொல்லாத நாள் இல்லை. சேத்தக்காவும் சிரித்துவிட்டுப் போவாள்.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்துபோன அன்று அந்தச் சிரிப்பு நின்றது. நான்கு மாதத்துக்குள் கழிவுநீரைச் சுத்தம் செய்யாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு என்று சொல்லிவிட்டார்கள். கணவன் வேலையோடு இன்னும் நாற்பது பேர் வேலை.

அவள் கையில் ஒரு வழி இருந்தது. அந்தச் சேற்றிலேயே பிழைத்துக்கிடக்கிற கிருமிகளைப் பிரித்தெடுத்து, பஞ்சுத் துண்டுகளில் குடிவைத்து, சிவப்புச் சாயத் தண்ணீரில் போடுவாள். கிருமிகள் சாயத்தைத் தின்னும் என்பது அவள் நம்பிக்கை. ஒப்பிட்டுப் பார்க்க, ஒன்றும் போடாத சாயத் தண்ணீர் பக்கத்துக் குடுவையில் நிற்கும். மூன்றே நாளில் பஞ்சு போட்ட குடுவை தெளிந்துவிட்டது. ஆய்வுக்கூடப் பேராசிரியர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்துவிட்டு எல்லாரோடும் சேர்ந்து கைதட்டினார். பட்டறை முதலாளி தொட்டி கட்டக் குழியே வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

குடுவையைக் கழுவும்போது ஒரு பஞ்சுத்துண்டு அவள் விரலில் அழுந்திச் சிவப்பாய்க் கசிந்தது. கத்தரிக்கோலால் வெட்டினாள். நடுப்பகுதி வரைக்கும் சிவப்பு. கிருமி தின்றதா, பஞ்சே குடித்துக்கொண்டதா? கிருமி இல்லாத வெறும் பஞ்சையும் ஒரு குடுவையில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்கிறவளுக்கே அது தோன்றாமல் போயிற்று.

வெட்டிய பஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பேராசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், குழி வெட்டுறத நிறுத்தச் சொல்லுங்க. என் முடிவ நம்ப முடியாது."

"என்னம்மா, கைதட்டி முடிச்ச அப்புறமா சொல்ற?"

"கைதட்டும்போது நான் பஞ்ச வெட்டிப் பாக்கல சார்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, மறுபடி செய். சீக்கிரம் செய்."

வீட்டில் கணவன் தட்டை நகர்த்தி வைத்தான். "ஏம்மா சொல்லித் தொலைச்ச? தொட்டியாச்சும் கட்டி முடிச்சிருப்பாங்க."

"கட்டி? பஞ்சு நிறைஞ்சதும் மறுபடி சிவப்பாத்தானேங்க வெளிய வரும்? அப்ப பூட்டுக்கு மேல பூட்டு போடுவாங்க."

மறுநாள் காலையில் வாய்க்காலில் இறங்கி ஒரு வாளி சேறு அவனே அள்ளிக்கொண்டு வந்து வைத்தான்.

இந்தத் தடவை பாதிப் பஞ்சுகளைக் கொதிக்கவைத்துக் கிருமிகளைக் கொன்றாள். மீதிப் பஞ்சுகளில் உயிருள்ள கிருமிகள். இரண்டு குடுவையும் மூன்றாம் நாளே தெளிந்தன. அப்படியானால் குடித்தது பஞ்சு மட்டும்தானா? ஆனாலும் விடவில்லை. தினமும் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு துண்டை எடுத்து வெட்டினாள். ஆறாம் நாள் இறந்த கிருமிப் பஞ்சு அப்படியே சிவப்பு. உயிருள்ளது வெளுக்கத் தொடங்கியிருந்தது. பத்தாம் நாள் அதில் சேற்று நிறம் மட்டும். திரும்பவும் சாயம் ஊற்றினாள். இறந்த பக்கம் சிவப்பு மாறவே இல்லை. உயிருள்ள பக்கம் மறுபடி தெளிந்தது.

"தட்டுல வாங்கி வச்சுக்கிட்டு நிதானமாத் தின்னுருக்கு சார். எங்க வீட்டு ஆளு மாதிரியே" என்றாள். பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார்.

அதற்கும் அவள் அடங்கவில்லை. நிறம் போனால் நஞ்சும் போய்விட்டதென்று ஆகுமா? மிஞ்சிய நஞ்சும் சிதையட்டும் என்று அந்தத் தண்ணீருக்குள் நான்கு நாள் காற்றை ஊதவிட்டு, அதில் பயறு ஊறப்போட்டாள். ஈரத்துணிக்குள் அத்தனையும் முளைவிட்டிருந்தன. எண்ணிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் எண்ணினாள்.

தொட்டி வேலை மறுபடி தொடங்கியது. கிருமிகள் பழகும்வரை பட்டறையிலேயே இருந்து பார்த்துக்கொள் என்று பேராசிரியர்தான் அனுப்பினார். அவள் பெட்டியும் வெள்ளை அங்கியும் பஞ்சு வாளிகளுமாக ஆய்வுக்கூடத்திலிருந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டுத்தான் துரத்திவிட்டார்கள் என்று ஊர் பேசுகிறது. அன்று கணவன் பட்டறை வண்டியோடு வாசலில் வந்து நின்றான்.

"குடு, நான் தூக்குறேன்."

"வேண்டாங்க, நீங்க ஆட்டிக்கிட்டே நடப்பீங்க, தளும்பிடும். கதவ மட்டும் புடிங்க."

அவன் பிடித்துக்கொண்டான். அவள் இரண்டு கையிலும் வாளியோடு படி பார்த்து இறங்கி வெளியே வந்தாள்.