ஓடையில் நாலு மணி ஷோ

1. சேர்ந்த நாள்

இந்தக் கைடு தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைக் கண்டால், நானா என்று, அதாவது அண்ணன் என்று, கூப்பிட்டுக் கேட்பது ஒன்றுதான்: "நானா, வெள்ளக்காரனுக்கு என்னத்தக் காட்டினா சந்தோஷப்படுவான்?" அலுவிகாரைக் குகையைக் காட்டு, மிளகுக் கொடியைக் காட்டு, வழியில் குரங்கு வந்தால் வேனை நிறுத்து என்று சொல்லிவிடுவேன். எதைக் காட்டக் கூடாது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்கட்டும் என்று காத்திருக்க எனக்கு இனி நாளில்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் மாத்தளை டவுன்காரன். வாப்பாவுக்கு மிளகு, ஏலக்காய் வியாபாரம். எனக்குத் தராசுக்குப் பின்னால் குந்தியிருக்கப் பொறுமை கிடையாது, அதனால் வேன் ஓட்டப் போனேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எல்கடுவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பழைய தொரை பங்களாவை கெஸ்ட் ஹவுஸ் ஆக்கியிருந்தார்கள். அங்கே டிரைவரும் நான்தான், கைடும் நான்தான்.

மெனேஜர் கொழும்பு ஆள். ஒரு காலத்தில் தோட்டத்தில் சின்னத்தொரையாக, அதாவது உதவி மெனேஜராக, இருந்தவராம். முதல் நாளே என்னை வராந்தாவில் நிறுத்தி வைத்து இங்கிலீஷில் பாடம் எடுத்தார். வருகிற பார்ட்டிக்கு, அதாவது வெள்ளைக்கார டூரிஸ்ட் கூட்டத்துக்கு, சும்மா இருக்கத் தெரியாது, பொழுது விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அவர்களுக்கு ஏதாவது 'ஆக்டிவிட்டி' இருக்க வேண்டும் என்றார். காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிப்பது. பிறகு ஃபெக்டரி. ஒரு நாள் வஹகோட்டைக் கோயில், ஒரு நாள் டவுனில் வாசனைத் தோட்டம். பின்னேரம் தேத்தண்ணி குடித்ததும் பங்களாவுக்குக் கீழே ஓடையில் குளியல்.

ஓடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாறைகளுக்கு நடுவே ஆழமான ஒரு குளிப்பிடம். அதில்தான் பார்ட்டி இறங்கும். அதற்குக் கொஞ்சம் கீழே, கூப்பிடு தூரத்தில், அகலமான ஒரு பாறை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பேர். லயத்துப் பெண்கள் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து துணி துவைக்கிற இடம் அது. குளிப்பிடத்துக்கு மேலே, வளைவு தாண்டி, மரப்பாலம். அதற்கும் மேலே மலை. இவ்வளவுதான்.

2. முத்தையா

தோட்டத்தில் தப்பு அடிப்பவர் முத்தையா. தப்பு என்றால் மரவளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய பறை. விடியுமுன் ஆட்களைப் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, எழுப்புவதற்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி, திருவிழாவுக்கு ஒரு அடி என்று பல உண்டு. லயத்துச் சனம் பாயில் படுத்தபடியே எது எதற்கென்று சொல்லிவிடும். முத்தையா பகலெல்லாம் தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியோடு மலையில் நிற்பார். அப்போதும் தோளில் தப்பு தொங்கும். பேச்சு குறைவு. அவருடைய மனைவி பாக்கியம் அதற்கும் சேர்த்துப் பேசுவாள். நான் வேனைக் கழுவ ஓடைக்குப் போனால், "நானா, வேனுக்குக் குடுக்கிற சவுக்காரத்துல பாதிய எங்களுக்குக் குடுத்தா லயமே வெளுத்துரும்" என்பாள்.

பார்ட்டி குளிக்கும்போது பக்கத்துப் பாறையில் தப்பு அடிக்க வேண்டும் என்பது மெனேஜரின் கண்டுபிடிப்பு. முத்தையாவும் வந்து சருகைக் கொளுத்தி, தப்பை அந்தச் சூட்டில் காட்டி, தோல் விறைத்து டங்கென்று பேசத் தொடங்கியதும் திருவிழா அடி அடித்தார். பார்ட்டி கை தட்டியது. மெனேஜருக்குத் திருப்தி இல்லை. அதற்கு முந்திய மழையில் வேறொரு அடி கேட்டிருக்கிறார். மூச்சு விட இடமில்லாத வேகமான அடி. அதுதான் வேண்டும் என்றார்.

முத்தையா தலையைச் சொறிந்தார். "தொர, அது வெளையாட்டுக்கு அடிக்கிறது இல்லீங்க. மேல மல தண்ணிய எறக்கினா அடிக்கிறது. கீழ பொம்பளைங்க தொவைச்சுக்கிட்டு இருப்பாங்க, கேட்டதும் ஏறிருவாங்க."

மெனேஜருக்குத் தெரிந்த தமிழ் ஏவல் தமிழ் மட்டும். "தண்ணி இல்லே இப்போ. நீ அடி."

முத்தையா என்னைப் பார்த்தார். "நானா, நீங்க இங்கிலீசுல வெவரமா சொல்லுங்க. இன்னைக்கி ஓடுவாங்க, நாளைக்கி ஓடுவாங்க. அப்புறம் ஓட மாட்டாங்க."

சொன்னேன். ஒரு சொல் குறையாமல் சொன்னேன். மெனேஜர் சிரித்துவிட்டு, உன் வேலை ஸ்டியரிங் பிடிப்பது என்றார். முத்தையாவிடம் திரும்பி, "அடிக்காட்டி நாளைக்கி பேரு இல்லே" என்றார். பிரட்டில் பேர் போடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. முத்தையா தப்பை எடுத்தார்.

அந்த அடி விழுந்ததும் கீழே துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் துணியைப் போட்டது போட்டபடி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையேறி ஓடினார்கள். பார்ட்டிக்குத் தாங்க முடியாத சந்தோஷம். கெமராவைத் தூக்கினார்கள். பெண்கள் மேலிருந்து ஓடையைப் பார்த்தார்கள். தண்ணீர் இருந்தபடியே இருந்தது. பாக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பாறையில் நின்ற புருஷனைப் பார்த்த பார்வை எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. முத்தையா குனிந்துகொண்டே அடித்தார்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு அதுதான் ஷோ. முதலில் எல்லாரும் ஓடினார்கள். பிறகு சிலர் ஓடினார்கள். பிறகு ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பெண்கள் ஓடுவதில்லை என்று மெனேஜருக்கு அதிலும் ஒரு குறை.

3. பின்லாந்து டீச்சர்

மார்ச் மாதம் ஒரு பார்ட்டி வந்தது. அதில் பின்லாந்திலிருந்து வந்த ஒரு வயதான டீச்சர் இருந்தார். மற்றவர்கள் பின் சீட்டில் தூங்கும்போது அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க் கதை சொல்வார். கடலோரத்தில் ஒரு பழைய பட்டினமாம். வீடெல்லாம் பலகையாம். கோடைகாலம் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுமாம். அந்தக் கொஞ்ச நாளுக்கு வெளியூர்ச் சனம் வந்து குவியுமாம். தீவுகளுக்குப் படகில் கூட்டிப் போவது, சூட்டறையில் வியர்க்க வியர்க்க உட்கார வைத்துக் கடலில் குதிக்கச் செய்வது, பழைய தெருக்களைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் உண்டாம். இளவயதில் அவரும் விடுமுறையில் அந்த வேலை பார்த்தவராம். "நீயும் நானும் ஒரே தொழில்" என்று சொல்லிச் சிரித்தார்.

வந்த அன்றே ஓடையில் ஷோ பார்த்தார். இந்த அடி எதற்கு என்று என்னைக் கேட்டார். பார்ட்டி கேட்டால் வரவேற்பு அடி என்று சொல்லும்படி மெனேஜர் சொல்லி வைத்திருந்தார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெள்ளம் வருகிறது, கரையேறுங்கள் என்று அர்த்தம் என்றேன்.

அவர் ஓடையைப் பார்த்தார், முத்தையாவைப் பார்த்தார். "அப்படியானால் இப்போது ஏன் அடிக்கிறார்?"

மெனேஜர் அடிக்கச் சொல்கிறார் என்றேன். டீச்சருடைய ஊர் வேதக் கோயிலில் ஒரு மணி இருக்கிறதாம். வீடு தீப்பிடித்தாலோ படகு திரும்பி வராவிட்டாலோ அடிப்பதற்கு. கோடையில் வருகிறவர்களுக்கு எதையெல்லாமோ திறந்து காட்டுவார்களாம். அந்த மணிக் கூண்டின் பூட்டுத் திறப்பை மட்டும் யாருக்கும் கொடுப்பதில்லையாம். அதற்குப் பிறகு அவர் ஷோவுக்குக் கை தட்டவில்லை.

4. சூடு காட்டாத தப்பு

அந்தப் பார்ட்டி திரும்புவதற்கு முந்திய நாள். எங்கள் பக்கம் நல்ல வெயில். மேலே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது. மார்ச் மாதத்துப் பின்னேர மழை அப்படித்தான், ஒரு பக்கம் கொட்டும், மறுபக்கம் துணி காயும். பார்ட்டி குளிப்பிடத்தில் இறங்கிவிட்டது. கீழ்ப் பாறையில் பாக்கியமும் வேறு சில பெண்களும் துவைத்துக்கொண்டிருந்தார்கள். முத்தையாவுக்கு மேல் மலையில் வேலை, இன்னும் வந்து சேரவில்லை.

நாலு மணி இருக்கும். தண்ணித் தப்பு கேட்டது.

டீச்சர் உடனே கரையேறினார். துவாயைக்கூட எடுக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்து அவருடைய பாஷையில் கத்தினார், அவர்கள் சிரித்தார்கள். நான் வழக்கமாக முத்தையா நிற்கும் பாறையைப் பார்த்தேன். ஆள் இல்லை. சருகுப் புகை இல்லை. தப்பின் சத்தமும் டங்கென்று இல்லை, ஈரச் சாக்கைத் தட்டுவது போலப் பொத்துப் பொத்தென்று விழுந்தது. சூடு காட்டாத தோல். முத்தையா ஒரு நாளும் சூடு காட்டாமல் தப்பைத் தொட்டதில்லை. நெருப்பு மூட்ட நேரமில்லாமல் எங்கேயோ மேலே நின்று அடிக்கிறார் என்று விளங்கியது.

பார்ட்டியைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினோம், நானும் டீச்சருமாக. பிறகு கீழே ஓடினேன். "ஏறுங்க, தண்ணி வருது" என்று கத்தினேன்.

ஒரு பெண் நிமிர்ந்து, "வெள்ளக்காரங்களுக்கு நாங்க ஓடுறத இன்னொருக்கா பாக்கணுமாமா நானா?" என்றாள்.

பாக்கியம் துணியை அடித்துக்கொண்டே சிரித்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் அலுத்துப் போச்சு. இன்னைக்கி தப்புக்குச் சூடுகூட காட்டாம அடிக்கிறாரு."

"ஷோ இல்ல பாக்கியம், அவர் மேல நிக்கிறார்" என்றேன். அதைக் கேட்டு மற்ற மூன்று பேரும் துணியை விட்டுவிட்டு ஏறினார்கள். அவள் முகமும் மாறியது. அவள் நின்றது பாறையின் மறு ஓரம், கரைக்கு எட்டாத பக்கம். ஒரு எட்டு வைத்தாள். அதற்குள் வளைவில் செந்தண்ணீர் மரக்கட்டையும் கல்லுமாக வந்துவிட்டது. என் கண்ணுக்கு முன்னால்தான் போனாள். கூப்பிடக்கூட இல்லை.

மேலே தப்பு நிற்கவில்லை. எல்லாரும் ஏறியிருப்பார்கள் என்ற நம்பிக்கையில் முத்தையா அடித்துக்கொண்டே இருந்தார்.

5. விசாரணை

மறுநாள் காலையில் உடலைக் கீழ்த் தோட்டத்து எல்லையில் எடுத்தார்கள். விசாரணைக்கு ஒரு ஐயா வந்தார். ஃபெக்டரி ஆபீசில் மேசை போட்டு உட்கார்ந்து, தப்பிய பெண்களில் ஒருத்தியைக் கேட்டார்.

"தப்பு அடிச்சாங்களா?"

"அடிச்சாங்க."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சுங்க."

"அப்ப ஏன் ஒடனே ஏறல?"

அவள் தரையைப் பார்த்தாள். "தெனமும் விழுந்துச்சுங்க" என்றாள்.

நான் ஷோவைப் பற்றிச் சொன்னேன். மெனேஜர் எழுந்து, எச்சரிக்கை முறையாகக் கொடுக்கப்பட்டது, அந்தப் பெண் பொருட்படுத்தவில்லை என்றார். பச்சைப் பொய்யும் இல்லை, அதுதான் எரிச்சல். தற்செயலான மரணம் என்று முடித்துவிட்டு அந்த ஐயா பங்களாவில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்தில் வேன் திறப்பை மெனேஜரின் மேசையில் வீசினேன். அதோடு அந்த வேலை முடிந்தது.

லயத்தில் பாக்கியத்தைக் கிடத்தியிருந்தார்கள். சாவுத் தப்பு இன்னும் அடிக்கவில்லை. பக்கத்துத் தோட்டங்களுக்குச் சாவுச் சேதி போவதே அந்தச் சத்தத்தில்தான். முத்தையா வாசலில் சருகைக் கொளுத்தித் தப்புக்குச் சூடு காட்டிக்கொண்டே இருந்தார். தோல் கருகுகிற வாடை வந்தது. ஒரு உறவுக்காரர் போய்த் தோளைத் தொட்டார். "அண்ணே, அடிங்க. சனம் வரணும்."

"அடிச்சா என்னான்னு நெனப்பாங்க?" என்றார் முத்தையா. "பங்களாவுல ஆட்டம்னு நெனப்பாங்க."

தப்பை நெருப்பிலேயே வைத்தார். அந்த லயத்திலிருந்து சத்தமில்லாமல் போன முதல் பாடை பாக்கியத்தினுடையது. பக்கத்துத் தோட்டத்திலிருந்த அவளுடைய சொந்தத் தங்கைக்கே ஆள் போய்ச் சொல்லி, அவள் ஓடி வரும்போது குழி மூடியாகிவிட்டது.

6. இரும்பு

சில வருடம் கழித்து, சொந்த வேனில் ஒரு பார்ட்டியை அந்த வழியாகக் கூட்டிப் போனேன். கெஸ்ட் ஹவுஸை மூடிவிட்டிருந்தார்கள். மரப்பாலத்தின் பக்கத்தில் ஒரு மரத்தில், ரயில் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கியது. அடிக்க ஒரு இரும்புக் கோலும் கூட இருந்தது. அடியில் முத்தையா குந்தியிருந்தார். முடியெல்லாம் நரைத்திருந்தது. மலை கறுத்தால் அவர் அங்கே வந்து உட்கார்ந்துவிடுவார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கும் மலை கறுத்திருந்தது. என்னைக் கண்டதும் தலையை மட்டும் அசைத்தார். கீழே பாறையில் பெண்கள் துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

வேனிலிருந்த ஒரு அம்மா கெமராவைத் தூக்கினார். அது என்ன, அந்தக் கிழவர் நமக்காக ஒரு தடவை அடித்துக் காட்டுவாரா என்று கேட்டார்.

கைடாக இருக்கிற பிள்ளைகளே, நான் படித்த பாடம் இதுதான். வருகிறவர்களுக்கு உங்கள் ஊரைக் காட்டுங்கள், சாப்பாட்டைக் காட்டுங்கள், ஆடிப் பாடியும் காட்டுங்கள். ஊர்ச் சனம் உயிரை நம்பி வைத்திருக்கிற ஒன்று எல்லா ஊரிலும் இருக்கும். அதன் பக்கம் மட்டும் யாரையும் கூட்டிப் போகாதீர்கள்.

"அது ஒண்ணுமில்ல மேடம், பழைய இரும்பு" என்று சொல்லிவிட்டு கியரைப் போட்டேன்.